பள்ளியில் போக்குவரத்து வகுப்பு நடத்த போலீஸ் நம்மிடம் பணம் கேட்கலாமா?

வாய்க்கால்மேட்டான் (இழையைத் தொடங்கியவர்)
திங்கள், காலை 7.10

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் நான் பெயருக்கு ஒரு பொருளாளர். கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது என்றுதான் போன வாரம் வரை நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அடுத்த மாதம் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குச் சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சி நடத்தப் போகிறார்களாம். பேரணி, உறுதிமொழி, கடைசியில் ஒரு மணி நேர வகுப்பு. பிறகு ஒரு தாளை நீட்டினார். முன்னூறு டி-சர்ட் 45,000. முன்னூறு தொப்பி 12,000. ஃபிளெக்ஸ் பேனர் ஆறு, 9,000. பிஸ்கட், ஜூஸ் 9,000. மைக் செட் 4,000. பொன்னாடை, நினைவுப் பரிசு 2,000. ஆக மொத்தம் 81,000 ரூபாய். "கழகம் பாதியைப் பாருங்கள், மீதியை நான் கடைவீதியில் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு முறை படித்தேன். வகுப்பு எடுப்பதற்கென்று அதில் ஒரு வரிகூட இல்லை.

கழகத்தின் பணம் என்பது கழிவறைக்குத் தண்ணீர் மோட்டார் வாங்க வைத்திருக்கும் பணம். என் கேள்வி இதுதான். 2022 அக்டோபரில் அபராதத்தை எல்லாம் உயர்த்தினார்கள். ஹெல்மெட் இல்லையென்றால் ஆயிரம், லைசென்ஸ் இல்லையென்றால் ஐயாயிரம். அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடத்த முடியாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போலீஸைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.


சந்தைப்பேட்டை
திங்கள், காலை 7.42

"கடைவீதியில் பார்த்துக்கொள்கிறேன்." இந்த ஒரு வாக்கியத்துக்கே தனி இழை போடலாம் அண்ணா.


மஞ்சமண்டி
திங்கள், காலை 9.05

கடைவீதியில் இருப்பவன் நான்தான், எனவே சொல்லிவிடுகிறேன். வேறு ஊர், ஆனால் கதை ஒன்றுதான். எங்கள் கடைப் பெயர் நான்கு பேரிகேடுகளில் இருக்கிறது. 'மெதுவாகச் செல்லவும்' என்பது சின்ன எழுத்தில், கடைப் பெயர் பெரிய எழுத்தில். எனக்கே பார்க்கக் கூச்சமாக இருக்கும். விளம்பரம் என்று எழுதி வைத்துக் கணக்கை முடித்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. என்னிடம் அரிமா சங்கத்துக்காரர் வந்து கேட்டால் "இந்த மாதம் முடியாது அண்ணா" என்பேன். அவரும் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். போலீஸ் கேட்டால் அப்படிச் சொல்ல வாய் வராது. கடை முன்னால் சரக்கு இறக்க லாரி நிற்க வேண்டும். நாளைக்கு அதே ஆய்வாளர்தான் அந்த வழியாக வருவார். அவர் மிரட்டவில்லை, கேட்கத்தான் செய்தார். இருந்தாலும் கொடுக்கிறவனுக்கு அது நன்கொடை மாதிரி இருப்பதில்லை.

பேனரில் என் பெயரைப் போடாமல் கொடுக்கச் சொன்னாலும் கொடுப்பேன். ரசீது வேண்டும். இதுவரை ஒரு ரசீது வாங்கியதில்லை.


பழைய விசில்
திங்கள், மதியம் 1.30

நான் போக்குவரத்துப் பிரிவில் பதினொரு ஆண்டுகள் இருந்து சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். உங்கள் ஆய்வாளர் எனக்குத் தெரியாதவர். ஆனால் அந்தத் தாள் எனக்கு நன்றாகத் தெரியும். நானே அப்படி நாலைந்து தாள் எழுதியிருக்கிறேன்.

உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம். முன்பு அது வாரமாக இருந்தது. 2021-இல் முதல் முறையாக மாதமாக்கினார்கள். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வரும்: இத்தனை பள்ளி, இத்தனை கல்லூரி, ஒரு ஹெல்மெட் பேரணி. மாலை ஆறு மணிக்குள் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். சுற்றறிக்கையோடு பணம் வராது. நிலையத்தில் இதற்கென்று தனி ஒதுக்கீடு இருந்து நான் பார்த்ததில்லை. ஜீப் டீசலே திட்டமாகத்தான் இருக்கும். போட்டோவில் எது தெரியும்? டி-சர்ட் தெரியும், தொப்பி தெரியும், பேனர் தெரியும். பிள்ளையின் மண்டைக்குள் என்ன போனது என்பது போட்டோவில் விழாது. அதனால்தான் அந்தத் தாள் அப்படி இருக்கிறது.

பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் சாலைப் பாதுகாப்பு நிதி என்று ஒன்று இருக்கிறது. அபராத வசூலைக் கணக்கில் வைத்து அரசு ஒதுக்கி, துறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணம். உச்ச நீதிமன்றமும் 2017 நவம்பர் 30 அன்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. சாலைப் பாதுகாப்பு நிதி வேண்டும், மாவட்டந்தோறும் குழு வேண்டும், பள்ளிப் பாடத்தில் சாலைப் பாதுகாப்பு வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த வழக்கைப் போட்டவர் நம் கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன்தான். உடைந்த காலை ஒட்டி ஒட்டி அலுத்துப்போய் நீதிமன்றத்துக்குப் போயிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு.

மாவட்டக் குழுவுக்குத் தலைவர் கலெக்டர். தலைமை ஆசிரியர் லெட்டர்ஹெட்டில் அந்தக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். நிலையத்துக்கு நகல் கொடுங்கள். ஆய்வாளரே சந்தோஷப்படுவார்.

இனி வகுப்பு. என் அனுபவத்தில் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு கவனித்த வகுப்புகள் இரண்டே இரண்டு வகை.

முதலாவது, லாரி. பள்ளி மைதானத்தில் ஒரு டாரஸ் லாரியைக் கொண்டுவந்து நிறுத்துவோம். லாரி சங்கத்தில் கேட்டால் அரை மணி நேரத்துக்குச் சும்மா தருவார்கள். வகுப்பிலேயே அதிகம் துள்ளுகிறவனை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றுவேன். மற்ற பத்துப் பேரை இடது பக்கம், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கச் சொல்வேன். "எத்தனை பேர் தெரிகிறார்கள்?" என்று கேட்பேன். "யாருமே இல்லை சார்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக ஏறிப் பார்ப்பார்கள். கடைசிப் பிள்ளை இறங்கும்போது சிரிப்பு இருக்காது. இடது பக்கம் புகுந்து முந்துவது என்ன என்று அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, சாக்பீஸ். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் நொடிக்குப் பதினொரு மீட்டர் போகிறான். பூனை குறுக்கே வந்ததைக் கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி. அதற்குள் பதினொரு மீட்டர் போய்விட்டது. பிடித்த பிறகு, நல்ல சாலையில், நல்ல டயரில் இன்னும் ஒன்பது மீட்டர். ஆக இருபது. தரையில் கோடு போட்டு, நடந்து அளக்கச் சொல்வேன். அதையே 60 கிலோமீட்டருக்குப் போட்டால் முப்பத்தாறு மீட்டருக்கு மேல் வரும். வேகம் ஒன்றரை மடங்குதானே, தூரம் ஏன் இவ்வளவு என்று ஒரு பெண் கேட்டாள். இயற்பியல் ஆசிரியரைக் கூப்பிட்டுவிட்டேன், எனக்குத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் ஆன செலவு டீச்செலவுதான். காவலருக்கு நேரம் கிடைப்பதுதான் கடினம். வகுப்பு நாளில் திடீரென்று பந்தோபஸ்து வரும், வகுப்பு போய்விடும்.


பொட்டானி டீச்சர்
திங்கள், இரவு 8.15

விசில் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆர்.எஸ்.பி.க்குப் பொறுப்பாசிரியை. சாலைப் பாதுகாப்புப் படை என்று பெயர். நடைமுறையில் ஆண்டு விழாவில் நாற்காலி எடுத்துப் போடும் படை. முப்பது பிள்ளைகள், முப்பது தொப்பி, பதினெட்டு விசில். சாலைக்கும் அவர்களுக்கும் ஆண்டில் ஒரு நாள்தான் தொடர்பு.

மாணவர் காவல் படைத் திட்டம் என்று இன்னொன்று இருக்கிறது. கேரளத்தில் 2010-இல் தொடங்கியது. 2018-இல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. பள்ளிக்கு ஐம்பதாயிரம் ரூபாய், பாடப் பொருள், பயிற்சி, சில்லறைச் செலவு என்று கணக்கு. பாடத்தில் சாலைப் பாதுகாப்பும் உண்டு. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது 8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. எங்கள் பிள்ளைகள் ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுப்பதே பதினொன்றாம் வகுப்பில்தான். பாடம் முடிந்த பிறகுதான் வண்டி வருகிறது.

எங்கள் பள்ளியில் மாணவர்கள் வண்டியில் வரக் கூடாது என்று விதி. அதனால் யாரும் வண்டியில் வருவதில்லை, அதாவது பள்ளி வாசல் வரை. பக்கத்துச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் பின்னால் காலி இடம். வண்டிக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு நிறுத்த விடுகிறார். ஒரு நாள் எண்ணினேன், நாற்பத்து மூன்று. ஹெல்மெட் இரண்டு. அதில் ஒன்றுக்குள் டிபன் பாக்ஸ் இருந்தது.

பெற்றோர் கூட்டத்தில் சட்டத்தைச் சொன்னேன். 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் ஏதும் நடந்தால், 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஒரு அப்பா எழுந்து, "பஸ் ஆறே முக்காலுக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று. நடுவில் பள்ளிக்கு எப்படி அனுப்புவது டீச்சர்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நிதியைப் பற்றிப் பேசும்போது நடுவில் இல்லாத அந்த எட்டு மணி பஸ்ஸையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.


எண்சுவடி
திங்கள், இரவு 10.50

கொஞ்சம் கசப்பாக எழுதப் போகிறேன், மன்னியுங்கள்.

2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884. அதில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். இவ்வளவு பெரிய நோய்க்கு ஒரு மணி நேர வகுப்பு மருந்தாகுமா?

போலீஸ்காரர் சீருடையில் வந்து பாடம் எடுத்தால் பிள்ளைகள் திருந்துவார்கள் என்ற நம்பிக்கையை அமெரிக்கா மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்துவிட்டது. 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸில் 'டேர்' என்ற போதைத் தடுப்பு வகுப்பைத் தொடங்கினார்கள். நாடெங்கும் பரவியது. டி-சர்ட், பேனா, ஸ்டிக்கர் எல்லாம் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தபோது, வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வண்டி ஓட்டுவதிலும் இதே கதைதான். பள்ளிகளில் ஓட்டுநர் கல்வி கொடுத்தால் விபத்து குறைகிறதா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2001-இல் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தது. குறைகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பிள்ளைகள் சீக்கிரம் லைசென்ஸ் வாங்கிவிடுகிறார்கள், அதனால் ஆபத்து கூடவும் செய்யலாம் என்றார்கள்.

என்னைக் கேட்டால் அந்த 81,000 ரூபாயில் பள்ளி வாசலில் பிள்ளைகள் சாலையைக் கடக்க மேடு வைத்த நடைக்கடவை போடச் சொல்லுவேன். அந்த மேடு தினமும் வேலை செய்யும், அதற்குப் பந்தோபஸ்தும் வராது.


பழைய விசில்
செவ்வாய், காலை 6.20

எண்சுவடி தம்பி, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். தொப்பி கொடுத்து யாரும் திருந்தியதில்லை. ஆனால் 81,000 ரூபாயை நெடுஞ்சாலைத் துறையிடம் கொடுத்து நடைக்கடவை போடுங்கள் என்று ஒரு பெற்றோர் ஆசிரியர் கழகம் சொல்ல முடியாது. சாலை அவர்களுடையது. மதிப்பீடு, அனுமதி என்று ஆண்டு ஓடிவிடும். அதையும் கலெக்டர் குழுவில்தான் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் கேளுங்கள் என்கிறேன்.

இன்னொன்று. வண்டியைப் பற்றி நீங்கள் சொன்ன ஆய்வுகள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததைப் பற்றியவை. என் லாரி வகுப்பில் நான் யாருக்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. லாரிக்கு இடது பக்கம் நிற்காதே என்றுதான் சொன்னேன். நடந்து போகிறவனுக்கும் சைக்கிள்காரனுக்கும் அது வேண்டும்.


எண்சுவடி
செவ்வாய், காலை 7.01

சரிதான் ஐயா, அந்த வேறுபாட்டை நான் கவனிக்கவில்லை. இருந்தாலும் லாரி வகுப்பு பலன் தந்ததா என்று யாராவது அளந்தார்களா?


பழைய விசில்
செவ்வாய், காலை 7.15

இல்லை.


கரும்புத்தோட்டம்
செவ்வாய், மதியம் 2.40

நான் இங்கே வழக்கமாகப் படிப்பதோடு சரி. இதில் எழுத வேண்டும் போல் இருந்தது.

என் மகனுக்கு அப்போது பதினைந்து முடிந்திருந்தது. சித்தப்பா பழைய ஸ்கூட்டரை எங்களுக்குக் கொடுத்திருந்தார். ஒரு மாலை தயிர் தீர்ந்துவிட்டது. கடை அரைக் கிலோமீட்டர். "போய் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வா சாமி" என்று நான்தான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். யார் மேலும் பழி போட முடியாது. கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஓரமாக நின்றிருக்கிறது. பின்னால் விளக்கும் இல்லை, ஒளிரும் பட்டையும் இல்லை. இருட்டில் போய் மோதிவிட்டான். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஏழு மாதம் பள்ளி போயிற்று. உயிர் இருக்கிறது, அது போதும்.

அதற்குச் சில நாள் முன்னால்தான் அவன் பள்ளியில் இந்த மாதிரி நிகழ்ச்சி நடந்தது. கையை நீட்டி உறுதிமொழி எடுத்திருக்கிறான். அப்போது கொடுத்த தொப்பி விபத்தன்று ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டியிருந்தது. தொப்பி நசுங்கக்கூட இல்லை.

அந்த வகுப்பில் என்னையும் உட்கார வைத்திருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேனா என்று யோசிக்கிறேன். தெரியவில்லை. அரைக் கிலோமீட்டர்தானே என்றுதான் நினைத்திருப்பேன் போல. ஆனால் யாராவது ஒருவர் என் முகத்தைப் பார்த்து, தயிர் வாங்கக்கூட அனுப்பாதே அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும்.

நிதி, கணக்கு எல்லாம் எனக்குத் தெரியாது. கரும்பு டிரெய்லருக்குச் சிவப்புப் பட்டை ஒட்டக் காசு வேண்டுமென்றால் நான் தருகிறேன்.


மஞ்சமண்டி
செவ்வாய், மதியம் 3.02

அக்கா, பட்டைக்கு நான் தருகிறேன். எந்த ஆலை வட்டாரம் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.


பீச்மரம்
புதன், காலை 5.30

கரும்புத்தோட்டம் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெற்றோரையும் உட்கார வைக்க வேண்டும் என்று அவர் சொன்னதால் இதை எழுதுகிறேன்.

நான் அட்லாண்டா பக்கம் இருக்கிறேன். இந்த ஜார்ஜியா மாநிலத்தில் 'பிரைட்' என்று ஓர் இலவச வகுப்பு உண்டு. இரண்டு மணி நேரம். எங்களுக்கு உள்ளூர் போலீஸ் அதிகாரிதான் எடுத்தார். 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு. அதில் பிள்ளை தனியாக உட்கார முடியாது, அப்பாவோ அம்மாவோ கூடவே உட்கார வேண்டும். நான் போனேன். அந்த அதிகாரி பிள்ளைகளிடம் திரும்பி, "சிவப்பு விளக்கில் போனைப் பார்க்கும் பெற்றோர் யார் யார், கை காட்டுங்கள்" என்றார். என் மகள் யோசிக்காமல் என்னைக் காட்டினாள். எங்கள் இருவருக்கும் அன்று நடந்த பாடம் அதுதான்.

எண்சுவடி சொன்னதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் வகுப்பை மட்டும் நம்பி விடவில்லை. லைசென்ஸைப் படிப்படியாகத்தான் தருகிறார்கள். பதினைந்தில் பழகுநர் உரிமம். 40 மணி நேரம் பெரியவர் பக்கத்தில் இருந்து ஓட்ட வேண்டும், அதில் 6 மணி நேரம் இரவில். பதினாறில் அடுத்த உரிமம் கிடைத்தாலும் முதல் ஆறு மாதம் குடும்பத்தார் தவிர யாரையும் ஏற்றக் கூடாது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஓட்டக் கூடாது. விபத்தைக் குறைத்தது இந்தக் கட்டுப்பாடுதான் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. வகுப்பு அதற்குத் துணை.

பணத்தைப் பற்றி. அமெரிக்காவில் 1966-இல் வந்த நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தின் 402-ஆம் பிரிவு என்று ஒன்று. மத்திய அரசு மாநிலங்களுக்குப் பணம் தரும். அதில் குறைந்தது 40 விழுக்காடு உள்ளூர் அமைப்புகளுக்கோ அவற்றின் நன்மைக்கோ போக வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. போலீஸ் நிலையம் திட்டம் எழுதிக் கேட்க வேண்டும். முதலில் செலவு, பிறகு கணக்குக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். ரசீது இல்லையென்றால் ஒரு டாலர்கூட வராது.

ஆனால் இங்கே எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பதினாறு வயதுக்காரருக்கு ஓட்டுநர் பயிற்சியைக் கட்டாயமாக்கிய 'ஜோஷுவா சட்டம்' ஜார்ஜியாவில் 2007-இல் நடைமுறைக்கு வந்தது. பயிற்சிச் செலவுக்காகப் போக்குவரத்து அபராதங்களின் மேல் 5 விழுக்காடு கூடுதல் கட்டணம் வாங்கினார்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகள் பயிற்சிக்குப் போகவே இல்லை. சட்டமன்றம் பொது நிதியில் சேர்த்துக்கொண்டது. மாநில அரசியல் சட்டத்தில் இப்படிக் கட்டணங்களை ஒரு வேலைக்கென்று கட்டிவைக்க வழி இல்லாமல் இருந்தது. 2020 நவம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தித் திருத்தினார்கள். வாய்க்கால்மேட்டான் கேட்ட "அபராதப் பணம் எங்கே போகிறது?" என்ற அதே கேள்வியை இங்கேயும் பத்துப் பதினைந்து ஆண்டு கேட்க வேண்டியிருந்தது.


சந்தைப்பேட்டை
புதன், காலை 8.10

பெரிய நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தைக் கேட்கலாமே? சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வும் அதில் வரும் என்று 2014-இலேயே மத்திய அரசு விளக்கம் கொடுத்திருக்கிறது.


எண்சுவடி
புதன், காலை 8.33

கேட்கலாம். ஆனால் ஹெல்மெட் கம்பெனி நடத்தினால் ஹெல்மெட்டைப் பற்றி மட்டும் பேசுவார்கள், பைக் கம்பெனி நடத்தினால் பைக்குக்கு அருகில் போட்டோ எடுப்பார்கள். டீச்சர் கேட்ட எட்டு மணி பஸ்ஸைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அபராதப் பணம் என்றால் அது ஏற்கெனவே நம் பணம், கேட்க உரிமை இருக்கிறது.

இன்னொன்று நினைவுக்கு வருகிறது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டத்தை 2021 டிசம்பரில் தொடங்கினார்கள். தொடங்கியபோது ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. அருமையான திட்டம், அதை எதிர்த்து ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஒருவர் அடிபட்ட பிறகு அவ்வளவு பணம் போட முடிகிற அரசுக்கு, அடிபடுவதற்கு முன்னால் ஒரு தலைக்காவலரின் அரை நாளைப் பள்ளிக்கு ஒதுக்க முடியும்.


கல்லூரிச்சாலை
புதன், மாலை 5.45

நான் நான்கு ஆண்டு முன்பு ஆர்.எஸ்.பி.யில் இருந்தவன். டீச்சர் சொன்ன நாற்காலி உண்மை. எங்கள் பள்ளியில் மட்டும் ஒரு ஏட்டு அண்ணன் வாரம் ஒரு நாள் காலை வந்து எங்களோடு வாசலில் நிற்பார். 'நில்' பலகையை எப்போது தூக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். வண்டி வந்த பிறகு தூக்காதே, ஓட்டுநரின் கண்ணைப் பார், அவன் உன்னைப் பார்த்தானா என்று தெரிந்த பிறகு காலை எடுத்து வை என்பார். அவருக்கு மாறுதல் வந்ததோடு எல்லாம் நின்றுவிட்டது. இப்போதும் சாலையைக் கடக்கும்போது ஓட்டுநரின் கண்ணைத்தான் பார்க்கிறேன்.

இன்னொரு சந்தேகம். லைசென்ஸே வேண்டாம் என்று விற்கிற மின்சார ஸ்கூட்டரைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஓட்டலாமா?


பழைய விசில்
புதன், மாலை 6.30

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் அதற்கு லைசென்ஸும் பதிவும் வேண்டாம் தம்பி. சிக்கல் என்னவென்றால், கடையிலேயே வேகப் பூட்டைத் திறந்து 45 போகிற மாதிரி செய்து கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்த நிமிடமே அது மோட்டார் வாகனம். லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும்.


நெறியாளர்
புதன், இரவு 9.00

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நிலையத்தின் பெயர், அதிகாரியின் பெயர், பள்ளியின் பெயர் வேண்டாம். ஆய்வாளரின் சாதியை ஊகித்த பதிவுக்கு எச்சரிக்கை கொடுத்தாயிற்று.


வாய்க்கால்மேட்டான்
இருபத்தைந்து நாள் கழித்து, ஞாயிறு, காலை 11.20

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

விசில் ஐயா சொன்னபடி தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு கலெக்டர் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். வாசலில் நடைக்கடவை, வாரம் ஒரு நாள் ஒரு காவலர், காலை எட்டு மணிக்கு ஒரு பஸ். மூன்றும் ஒரே தாளில். இன்னும் பதில் வரவில்லை. எங்கள் மாவட்டத்துக்குச் சாலைப் பாதுகாப்பு நிதியிலிருந்து எவ்வளவு வந்தது, பள்ளிகளுக்கு எவ்வளவு போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தனியாகவும் கேட்டிருக்கிறேன். முப்பது நாள் இன்னும் ஆகவில்லை.

ஆய்வாளரைப் போய்ப் பார்த்தேன். கொஞ்சம் பயந்துகொண்டுதான் போனேன். டி-சர்ட், தொப்பிக்குக் கழகம் பணம் தராது, வகுப்புக்கு என்ன வேண்டுமானாலும் ஏற்பாடு செய்கிறோம் என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "எனக்கு மட்டும் அந்தத் தொப்பி வேண்டுமா சார்? போட்டோவில் கூட்டம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்" என்றார். ஒரு பேனருக்கு ஒத்துக்கொண்டோம். அவருடைய மேசையில் இன்னும் நான்கு பள்ளிகளின் தாள் இருந்தது. அவற்றிலும் தொப்பி இருந்தது.

போன சனிக்கிழமை நடந்தது. நான்கு காவலர்கள் வருவதாக இருந்தது. ஒரு திருவிழா பந்தோபஸ்து வந்துவிட்டதால் ஒரு பெண் தலைமைக் காவலர் மட்டும் வந்தார். அவர் ஒருவரே போதுமாக இருந்தார். லாரி வந்தது. சாக்பீஸ் கோடு போட்டோம். 60-க்கான கோடு மைதானத்தைத் தாண்டிச் சத்துணவுக் கூடச் சுவரில் போய் முட்டியது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் அடித்த கூச்சல் அடங்க நேரமாயிற்று. பெற்றோரையும் வரச் சொல்லியிருந்தோம். முன்னூறு குடும்பத்தில் நாற்பத்தாறு பேர் வந்தார்கள். கரும்புத்தோட்டம் அம்மாவின் பதிவை, அனுமதி கேட்டு, பெயர் சொல்லாமல் படித்துக் காட்டினேன். பாதியில் எனக்குக் குரல் கம்மிவிட்டது. மீதியை அந்தத் தலைமைக் காவலர் வாங்கிப் படித்தார்.

செலவு: பேனர் 1,500, டீயும் வடையும் 690, சாக்பீஸ் 60, லாரிக்காரருக்கு டீசலுக்கென்று வற்புறுத்திக் கொடுத்தது 500. மொத்தம் 2,750. எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது, வடை தவிர.

எங்கள் ஊரிலும் ஒரு ஜெராக்ஸ் கடைச் சந்து இருக்கிறது டீச்சர். எங்கள் ஊரில் அது மெக்கானிக் கடை. வகுப்புக்கு முந்தைய நாள் போய் எண்ணினேன், 31 வண்டி. திங்கட்கிழமை 19. நேற்று முன்தினம் 27.


எண்சுவடி
ஞாயிறு, காலை 11.48

எண்ணியதற்கு நன்றி அண்ணா. ஹெல்மெட் எத்தனை?


வாய்க்கால்மேட்டான்
ஞாயிறு, காலை 11.55

அதை எண்ணவில்லை. நாளைக் காலை போகிறேன்.